திரும்பும் வழி இருக்கிறதா?

2022 ஜூலை 9, சனிக்கிழமை. காலி நகர மைதானத்தில் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான இரண்டாவது டெஸ்டின் இரண்டாம் நாள் ஆட்டம். மைதானத்தை ஒட்டி நிற்கும் பழைய டச்சுக் கோட்டையின் மதில்மேல் எப்போதும் சிலர் நின்று ஓசியில் கிரிக்கெட் பார்ப்பார்கள். அன்று அங்கே கொடிகளோடும் பதாகைகளோடும் போராட்டக்காரர்கள் திரண்டிருந்தார்கள். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலக வேண்டும் என்ற முழக்கம் ஆடுகளம்வரை கேட்டது. ஆட்டம் நிற்கவில்லை. சுமார் 120 கிலோமீட்டர் தள்ளிக் கொழும்பில், அதே பகலில், ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த மக்கள் நீச்சல் குளத்தில் குதித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். இரவில் பிரதமர் ரணில் விக்ரமசிங்கவின் வீடு எரிந்தது. 11ஆம் தேதி இலங்கை அணி இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது. 13ஆம் தேதி ஜனாதிபதி மாலத்தீவுக்குத் தப்பிப் போனார்.

அந்த வாரத்தில் சென்னையிலோ டொரண்டோவிலோ இருந்துகொண்டு "இலங்கைக்கு இப்போது போகலாமா?" என்று கேட்டவருக்கு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? தொலைக்காட்சியில் மாளிகையைப் பார்த்தவர் வேண்டாம் என்றிருப்பார். காலியில் இருந்த விருந்தினர் விடுதிக்காரர் தாராளமாக வாருங்கள் என்றிருப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. நாட்டின் பெயரை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் இப்படித்தான் இரண்டு உண்மைகள் கிடைக்கும்.

கடந்த இருபது ஆண்டுகளில் பாங்காக், கெய்ரோ, ஹாங்காங், கொழும்பு, கார்ட்டூம், டாக்கா, காத்மாண்டு என்று பல நகரங்கள் இந்த நிலைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் வெளியூர்க்காரர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தொகுத்துப் பார்த்தால், "உயிருக்கு ஆபத்து உண்டா?" என்று நாம் முதலில் கேட்கும் கேள்வி அவ்வளவாக உதவுவதில்லை என்று தெரிகிறது. பெரும்பாலான இடங்களில் பயணிகள் அடிபடவில்லை, அகப்பட்டுக்கொண்டார்கள். நினைத்த நாளில் கிளம்ப முடியாமல் போனால் இன்னும் பத்து நாள் அங்கே தாக்குப்பிடிக்க முடியுமா, அந்தப் பத்து நாளும் அந்த ஊரால் நம்மைத் தாங்க முடியுமா என்பதுதான் பயன்படும் கேள்வி.

இலங்கையையே எடுத்துக்கொள்வோம். 2022இன் முதல் பாதியில் அங்கே போன பயணியின் தலைவலி கல்வீச்சு அல்ல, பெட்ரோல். மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் விடுதிகள் விறகடுப்புக்குத் திரும்பின. பெட்ரோல் நிலையங்களின் முன்னால் ஆட்டோக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றன. ஜூன் 27 அன்று, அத்தியாவசியச் சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தது. எல்லவில் மலை பார்க்கப் போன ஒருவர், கட்டுநாயக விமான நிலையத்துக்கு எப்படித் திரும்புவது என்பதை ரயில் அட்டவணையைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டிய நிலை. விமானங்களுக்கே எரிபொருள் தட்டுப்பாடு. கொழும்பிலிருந்து நெடுந்தூரம் போகும் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. மருந்துத் தட்டுப்பாடு இதைவிட மோசம். இன்சுலினோ இதய நோய் மாத்திரையோ தேவைப்படும் ஒருவர் பத்து நாள் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தால், போராட்டத்தை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமலேயே ஆபத்தில் சிக்கியிருப்பார்.

இன்னொரு பக்கம், அந்தப் போராட்டத்துக்கு ஒரு நாள்காட்டி இருந்தது. ஏப்ரல் 9 அன்று கொழும்பின் காலிமுகத் திடலில் கூடாரம் போட்டார்கள். மே 9 அன்று மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டார், அன்றே மோசமான வன்முறையும் நடந்தது. ஜூன் 9 அன்று அவர் தம்பி பசில் ராஜபக்ச நாடாளுமன்றத்திலிருந்து விலகினார். ஜூலை 9 அன்று மாளிகை விழுந்தது. அடுத்த ஒன்பதாம் தேதி என்ன நடக்கும் என்று உள்ளூர் ஆட்டோக்காரரே சொல்லிவிடுவார். ஊரடங்கு போட்டாலும் பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டுமே அனுமதிச் சீட்டாகச் செல்லுபடியாயின. கெய்ரோவில் 2011இல் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு கூட்டம் பெருகியது. பிரான்சில் மஞ்சள் மேலங்கிக்காரர்கள் சனிக்கிழமைகளில் தெருவுக்கு வந்தார்கள். ஹாங்காங்கில் 2019இல் பெரும்பாலும் வார இறுதிகள். கொந்தளிப்புக்குக் கிழமையும் தேதியும் இருக்கும் இடத்தில், அந்த நாளில் அந்த நகர மையத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டாலே பாதி கவலை தீர்ந்தது.

எல்லா இடத்திலும் இப்படி அவகாசம் கிடைக்காது. நேபாளத்தில் 2025 செப்டம்பர் 4 அன்று 26 சமூக ஊடகத் தளங்களை அரசு முடக்கியது. 8ஆம் தேதி இளைஞர்கள் நாடாளுமன்றத்தை நோக்கிப் போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் அன்று மட்டும் 19 பேர் இறந்தார்கள். 9ஆம் தேதி பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். நாடாளுமன்றமும் அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் எரிந்தன, காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டது. 10ஆம் தேதி மாலை விமான நிலையம் திறந்தது. 12ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமரானார். முதல் துப்பாக்கிச் சூட்டிலிருந்து புதிய அரசு வரை ஐந்தே நாள். டெல்லி, நேபாளப் பயணத்தை ஒத்திவைக்கும்படி தன் குடிமக்களுக்குச் சொன்னபோது பல யாத்திரிகர்கள் ஏற்கெனவே மலையில் இருந்தார்கள். கயிலாயம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் திபெத் எல்லைப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு நேபாளம் வெறும் சுற்றுலாத் தலம் இல்லை. முக்திநாத், 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம். 3,700 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்தக் கோயிலுக்குப் போகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்களும் உண்டு. அங்கே கொண்டுசேர்க்கும் ஜோம்சோம் விமானம் காற்று அடித்தாலே ரத்தாகும். சாதாரண நாளிலேயே ஒரு நாள் இரண்டு நாள் தள்ளிப்போகும் இந்தப் பயணத்துக்கு, திரும்பும் தேதியை இறுக்கமாக வைத்து, பையில் அளவான மாத்திரையோடு ஆட்களைக் கூட்டிப்போகும் டூர் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். கலவரம் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், நம்ம ஆளு அங்கேயேதான் இருக்கான்" என்பார்கள். அந்த ஆள் அங்கே இருப்பது உண்மையாக இருக்கலாம். விமான நிலையம் மூடினால் கூடுதல் நாட்களுக்குத் தங்கும் செலவை யார் தருவார்கள், ரக்சௌல் அல்லது சுனாலி எல்லை வழியாகத் தரைமார்க்கமாக இறக்கிவிட வண்டி உண்டா, அதற்குப் பணம் தனியா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராத ஏஜென்டோடு நல்ல காலத்திலும் போக வேண்டியதில்லை.

காத்மாண்டு இன்னொன்றையும் காட்டியது. கலவர நேரத்தில் பெரிய ஓட்டல்தான் பத்திரம் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு: காவலாளி இருப்பார், ஜெனரேட்டர் இருக்கும், வெளிநாட்டவர் இருப்பார்கள். ஆனால் ஆளும் குடும்பங்கள்மீதும் அவர்களின் சொத்துமீதும் கோபம் பாயும்போது, நட்சத்திர ஓட்டல் அதிகாரத்தின் முகவரியாகத் தெரிகிறது. செப்டம்பர் 9 அன்று காத்மாண்டுவின் ஹில்டன் ஓட்டல் எரிந்தது. பசுபதிநாதரைத் தரிசிக்க வந்திருந்த இந்தியப் பெண் ஒருவர், தங்கியிருந்த நட்சத்திர விடுதிக்குத் தீ வைக்கப்பட்டபோது தப்பிக்க முயன்று இறந்தார். அதற்கு ஓராண்டு முன்பு, 2024 ஆகஸ்ட் 5 அன்று, பிரதமர் ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு ஓடிய மணி நேரங்களில், வங்கதேசத்தின் யசோர் நகரில் ஆளுங்கட்சித் தலைவர் ஒருவருக்குச் சொந்தமான ஓட்டலைக் கொளுத்தினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் ஓர் இந்தோனேசியரும் உண்டு. அறை பதியும்போது நாம் குளிர்சாதன வசதியையும் காலை உணவையும் விசாரிக்கிறோம். கொந்தளிக்கும் நாட்டில் ஓட்டல் யாருடையது என்றும் விசாரிக்க வேண்டும். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் சிறிய விடுதியைக் கொளுத்த வருவது அரிது.

வங்கதேசத்தில் அதற்கு முந்தைய மாதம், 2024 ஜூலையில், இன்னொரு பாடம். 18ஆம் தேதி இணையம் துண்டிக்கப்பட்டது, பல நாட்கள் வரவில்லை. கைபேசி வழிப் பணப் பரிமாற்றம் நின்றது. முன்கட்டண மின் மீட்டர்களுக்கு ரீசார்ஜ் செய்ய வழியில்லாமல் மக்கள் மின்வாரிய அலுவலகங்களில் வரிசை கட்டினார்கள். அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உட்பட, அகர்தலா, டாவ்கி போன்ற எல்லைகள் வழியாக வந்து சேர்ந்தார்கள். ஜூலை 21க்குள் 4,500க்கும் மேற்பட்ட மாணவர்கள் திரும்பிவிட்டதாக வெளியுறவு அமைச்சகம் சொன்னது. இத்தனை பேரும் திரும்ப முடிந்ததற்குத் தூதரகத்தின் உழைப்பு ஒரு காரணம், நடந்தோ வண்டியிலோ கடக்கக்கூடிய தரை எல்லை இருந்தது இன்னொரு காரணம். தீவுக்குப் போகிறவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. விமான நிலையத்தை மட்டும் நம்பவும் முடியாது: பாங்காக்கில் 2008 நவம்பர் 25 அன்று போராட்டக்காரர்கள் சுவர்ணபூமி விமான நிலையத்தையே பிடித்து ஒரு வாரம் வைத்திருந்தார்கள். லட்சக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். வியட்நாம் போர்க்காலத்து ராணுவத் தளமான உதபாவ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றப்பட்டார்கள். பயணிகளை யாரும் அடிக்கவில்லை. கிளம்பத்தான் முடியவில்லை.

இலங்கை, நேபாளம், வங்கதேசம் மூன்றிலும் கொந்தளிப்பு சில நாட்களிலோ சில மாதங்களிலோ ஒரு முடிவுக்கு வந்தது. ஒரே காரணம் இல்லைதான், ஆனாலும் முக்கியமான ஒன்றைச் சொல்லலாம்: மூன்று நாட்டிலும் ராணுவம் ஒன்றுதான் இருந்தது. அது மக்களைச் சுடாமல் நின்றதும் தலைவர் ஓடவோ பதவி விலகவோ வேண்டியதாயிற்று. சூடானில் ராணுவமும் அதற்குப் போட்டியாக வளர்ந்த துணை ராணுவமும் என்று இரண்டு இருந்தன. 2021 அக்டோபர் ராணுவப் புரட்சிக்குப் பிறகு கார்ட்டூமில் ஊர்வலங்கள் நடந்தன, கண்ணீர்ப் புகை வந்தது, பிறகு கடை திறந்தது. ஊர் பழகிவிட்டது. 2023 ஏப்ரல் 15 காலையில் இரண்டு படைகளும் மோதிக்கொண்டபோது, சண்டை தொடங்கிய முதல் இடங்களில் ஒன்று விமான நிலையம். இந்தியா 'ஆபரேஷன் காவேரி' என்று பெயர் வைத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்டது. அவர்களில் பெரும்பாலோர் கார்ட்டூமிலிருந்து சுமார் 850 கிலோமீட்டர் பேருந்தில் போர்ட் சூடானுக்கு வந்து, அங்கிருந்துதான் ஜெட்டாவுக்குப் போக முடிந்தது. துப்பாக்கி இரண்டு கைகளில் இருக்கும் நாட்டில் அமைதியாகத் தெரியும் வாரத்தை நம்பக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இப்போது அரசுகளின் பயண எச்சரிக்கைகள். அமெரிக்கா 2018 முதல் நாடுகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. பிரிட்டன் 'அவசியமின்றிப் போக வேண்டாம்' என்றும் 'போகவே வேண்டாம்' என்றும் சொல்லும். இந்த இரண்டில் எதை மீறிப் போனாலும் அந்நாட்டுக்காரர்களின் பயணக் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. இந்தியாவுக்கு இப்படி எண் போடும் பழக்கம் இல்லை. அண்டை நாட்டைப் பற்றி எழுதும்போது ராஜதந்திர நாசூக்கும் சேர்ந்துகொள்ளும். எந்த அரசும் தன்மேல் பழி வரக் கூடாது என்பதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறது. அமெரிக்கா இந்தியாவை இரண்டாம் நிலையில் வைத்திருக்கிறது, மணிப்பூரையும் ஜம்மு காஷ்மீரையும் நான்காம் நிலையில். அதைப் படித்துவிட்டு ஓர் அமெரிக்கர் கும்பகோணம் வரப் பயந்தால் நமக்குச் சிரிப்பு வரும். பிறர் நாட்டைப் பற்றி நாம் படிக்கும்போது மட்டும் அந்தச் சிரிப்பு வருவதில்லை.

எண்ணைப் பார்ப்பதைவிட வாசகத்தைப் பார்ப்பது நல்லது. எந்த மாவட்டம், எந்தத் தேதியில் எழுதியது, போன வாரம் இருந்த வினைச்சொல் இந்த வாரம் மாறியிருக்கிறதா? 'கவனமாக இருங்கள்' என்பது 'ஒத்திவையுங்கள்' ஆவது ஒரு படி. 'விமானம் ஓடும்போதே கிளம்பிவிடுங்கள்' என்ற தொனி வந்துவிட்டால் தூதரகத்துக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. 2022 பிப்ரவரி 15 அன்று உக்ரைன் தலைநகர் கீவில் இருந்த இந்தியத் தூதரகம் மாணவர்களைத் தற்காலிகமாக வெளியேறச் சொன்னது. வகுப்பு நடக்கிறதே, டிக்கெட் விலை ஏறிவிட்டதே என்று பலர் தங்கினார்கள். 24ஆம் தேதி வான்வெளி மூடியது. அது போர், கலவரம் இல்லைதான். எச்சரிக்கையை எப்படிப் படிப்பது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எச்சரிக்கைகள் பெரும்பாலும் அழுத்திச் சொல்லாத ஒரு கேள்வி உண்டு: போகிறவர் யார்? 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனார்கள். அதே வாரத்தில் அதே நகரத்தில் இருந்த ஐரோப்பியப் பயணிக்கும் தமிழருக்கும் ஆபத்து ஒன்றல்ல. 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் காவிரிக்காக எரிந்தவை தமிழ்நாட்டு வண்டிகள், ஒரே இடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள். இங்கிலாந்தில் 2024 ஜூலை இறுதியில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதும், கொன்றவன் அகதியாக வந்த முஸ்லிம் என்ற பொய்ச் செய்தி பரவியது. பள்ளிவாசல்களையும் அகதிகள் தங்கியிருந்த ஓட்டல்களையும் தாக்கினார்கள். லண்டனில் உள்ள இந்தியத் தூதரகம் தன் மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அப்படி ஓட்டல் தாக்கப்பட்ட ராதர்ஹாம், வெள்ளையருக்கு அந்த வாரமும் ஒரு சாதாரண ஊர். நம் நிறத்தவருக்கு அப்படி இல்லை. கோபம் அரசின்மேலா, அல்லது ஒரு இனத்தின்மேலா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது என்றால், அந்த இனமாக நம்மைத் தவறாக எண்ண வாய்ப்பிருந்தாலும் போகக் கூடாது. முகத்தைப் பார்த்துத் தாக்குகிறவன் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை.

காப்பீடு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல பாலிசிகளில் போரும் உள்நாட்டுக் கலவரமும் விலக்குப் பட்டியலில் இருக்கும். சிலவற்றில் கூடுதல் பிரீமியம் கட்டினால் அவசர வெளியேற்றத்துக்குப் பணம் கிடைக்கும். கலவரம் செய்தியில் வந்த பிறகு வாங்கும் பாலிசி அந்தக் கலவரத்துக்கு உதவாது. விமான நிறுவனம் ரத்து செய்தால் பணம் திரும்பும், நாமே பயந்து ரத்து செய்தால் போகும். அந்தப் பணம் போய்விடுமே என்ற தவிப்பில் கிளம்பியவர்கள் நிறைய. போனது போகட்டும் என்று விடுவதே அநேகமாக மலிவு.

இனி, போவது சரியா என்ற கேள்வி. பர்மாவின் ராணுவ அரசு 1996ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தபோது, வர வேண்டாம் என்று ஆங் சான் சூ கி உலகப் பயணிகளைக் கேட்டுக்கொண்டார். வரும் டாலர் ஜெனரல்களின் பைக்குப் போகும் என்பது அவர் வாதம். அவர் கட்சி அந்த நிலையைத் தளர்த்தப் பதினைந்து ஆண்டுகள் போல ஆயிற்று. இலங்கையில் நிலைமை தலைகீழ். 2022 மே தொடக்கத்தில் பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டாலருக்கும் குறைவு என்று நிதி அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். டாலர் இல்லாததுதான் பெட்ரோல் இல்லாததற்குக் காரணம். அதனால்தான் ஜூன் 24 அன்று கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இலங்கை ரசிகர்கள் ஆஸ்திரேலிய அணியின் மஞ்சள் நிறத்தில் சட்டை போட்டு வந்து, இந்த நேரத்திலும் வந்ததற்காக ஆஸ்திரேலியர்களுக்கு நன்றி சொன்னார்கள். 2018இல் 23 லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 2022இல் 7.2 லட்சம். விடுதி வைத்தவர், ஆட்டோ ஓட்டியவர், தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டியவர் என்று இழந்தவர்கள் எல்லாம் போராட்டத்தில் நின்ற அதே மக்கள். பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டால் பர்மாவுக்கு ஒரு விடையும் இலங்கைக்கு வேறு விடையும் வரும்.

ஆனால் விருந்தாளியாகப் போவதற்கு ஒரு வரம்பு உண்டு. பெட்ரோல் வரிசையில் உள்ளூர்க்காரரை முந்தக் கூடாது. போராட்டத்தை வேடிக்கை பார்க்கவோ படம் போடவோ போகக் கூடாது. காலிமுகத் திடல் போராட்டத்தைத் தன் சமூக ஊடகப் பக்கத்தில் தொடர்ந்து பதிவிட்ட பிரித்தானியப் பெண் ஒருவரின் விசாவை 2022 ஆகஸ்டில் இலங்கை அரசு ரத்து செய்து வெளியேறச் சொன்னது. அதே பதிவுக்கு உள்ளூர்க்காரர் சிறைக்குப் போக நேரும். நம் படத்தில் இருக்கும் முகமும் அவருடையதாக இருக்கலாம்.

அப்பாவின் இறுதிச் சடங்குக்கு யாழ்ப்பாணம் போகிறவரிடமோ தங்கையின் கல்யாணத்துக்குப் போகிறவரிடமோ இந்தக் கணக்கையெல்லாம் விரிக்க முடியாது. அவருக்கு அங்கே வீடு இருக்கிறது, மொழி தெரியும், பத்து நாள் கூடத் தங்கினால் சோறு போட ஆள் உண்டு. சுற்றுலாக்காரரிடம் இல்லாதது எல்லாம் அவரிடம் இருக்கிறது. அவர் போகலாம், போக வேண்டியும் இருக்கும். கையிருப்பில் ஒரு மாத மருந்தும் உள்ளூர்ப் பணமும் இருந்தால் போதும்.

ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு என் முடிவு இது. கோபம் அரசின்மேல், ராணுவம் ஒன்று, வெளியே போக இரண்டு வழி, கூடுதல் பத்து நாளுக்குக் காசும் மருந்தும் விடுப்பும் உண்டு என்றால் போகலாம். ஒன்று குறைந்தாலும் தள்ளிப்போடுங்கள். வயதானவர்களையோ குழந்தைகளையோ அழைத்துப்போவதாக இருந்தால் எல்லாம் இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போடும்போது சிறிய விடுதிக்காரரிடம் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல், தேதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஊர் மீளும்போது போய்க்கொள்ளலாம்: இலங்கைக்கு 2023இல் ஏறக்குறைய 15 லட்சம் பேரும் 2024இல் 20 லட்சம் பேரும் வந்தார்கள். போவதென்று முடிவெடுத்துவிட்டால், கிளம்பும் முன் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவுசெய்து, அதன் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் போனால் கைபேசிக்குள் இருக்கும் எதையும் நம்ப முடியாது.